கம்பளிக்குக் கழித்த அளவு

வெள்ளிமலைத் தோட்டம், அட்டன் வழி
20-4-38

அன்புள்ள மாமாவுக்கு, பாக்கியலெட்சுமி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அவரும் மாமியாரும் சுகம். கொட்டாஞ்சேனையில் நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. வருஷப்பிறப்புக்கு நீங்கள் அனுப்பிய சீலை வந்தது. கரை நல்ல அழகு.

நாத்தனாருக்கு ஆனி மாசம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். எனக்கு நீள ஜாக்கெட் ஒன்று தைத்து அனுப்ப வேண்டும். இந்தக் குளிருக்கு இடுப்பு மூடுகிற மாதிரி இறங்கி இருந்தால் நல்லது. தோள், கழுத்து, கை எல்லாம் என் கல்யாண ஜாக்கெட்டின் அளவுதான். இடுப்பு மட்டும் இருபத்தெட்டு அங்குலம் வையுங்கள். கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள் மருமகள்
பாக்கியம்


பழனியம்மா அத்தைக்கு மட்டும்
(பக்கத்துக் கடை மஜீட் நானா வீட்டு ஸமீமா அக்கா கையில் கொடுக்க)
20-4-38

அத்தை, விசேஷம் இல்லை என்று மாமாவுக்கு எழுதியது பொய். மூன்று மாசம் நிறையப் போகிறது. முதல் இரண்டும் மூன்று மாசம் தாண்டவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் தடவை மாமா என்ன எழுதினார்? "பிறக்கப் போகிறவன் கவர்னர் மாளிகை வாசலில் குதிரை கட்டுவான்" என்று எழுதினார். அந்தக் கடிதம் வந்த வாரமே எல்லாம் போயிற்று. இரண்டாம் தடவை கொட்டாஞ்சேனை முழுக்க மிட்டாய் கொடுத்தார். அதுவும் நிற்கவில்லை. என் மாமியார் சொல்கிறார், "ஒங்க மாமன் நாக்கு கருநாக்கு. அவரு மெச்சினா காய்ச்ச மரமும் பட்டுப்போவும்." நான் நம்பவில்லை அத்தை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஏழாம் மாசம் வரை மாமாவுக்குத் தெரிய வேண்டாம். வேறு தையற்காரரிடம் ஜாக்கெட் கொடுத்தால் மாமா சண்டை பிடிக்க மலையேறி வந்துவிடுவார். அதனால்தான் அவரிடமே கேட்டேன். போகப் போகப் பெருக்கும் என்று அளவைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். எப்படியாவது அப்படியே தைக்க வையுங்கள்.

வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. உங்கள் தேசிக்காய் ஊறுகாய் நினைப்பாகவே இருக்கிறது.

பாக்கியம்


கொட்டாஞ்சேனை
27-4-38

அட்டன் சீமையை அரசாளும் மருமகள் பாக்கியத்துக்கு, ஊசியைச் செங்கோலாகப் பிடித்து இந்தக் கொழும்பு மாநகரத்தை அம்மணத்திலிருந்து காத்துவரும் தாய்மாமன் முத்துலிங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுயராச்சியம் கேட்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பதிலுக்குச் சங்கு ஊதியது. இருபத்தெட்டா? உன் கல்யாணத்துக்கு உன் அத்தை நாடாவைப் பிடித்து அளக்க, நான் முறைப்படி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இருபத்தைந்து! தோள் வளரவில்லை, கழுத்து வளரவில்லை, கை வளரவில்லை, இடுப்பு மட்டும் வளருமா? நீ என்ன மனுஷியா, பூசணிக்கொடியா?

யோசித்தேன். விடிய ஆரம்பித்த யோசனை பொழுது சாயும்போது கனிந்தது. குற்றம் உன்னுடையது அல்ல, நாடாவினுடையது. உங்கள் ஊர்ப் பனியில் நனைந்து நனைந்து நாடா சுருங்கியிருக்கும். சுருங்கின நாடா அங்குலத்தைக் கூட்டிக் காட்டும். புது நாடா அனுப்புகிறேன். இதைச் சுருக்க மகாவலி கங்கையாலும் முடியாது. இன்னொன்று, உண்மையைச் சொல், கம்பளியைப் போர்த்திக்கொண்டுதானே அளந்தாய்?

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, "அவ கேட்டதுக்கு மேல ரெண்டு அங்குலம் கூட்டியே தையுங்க" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் தொழிலில் வாய் வைக்காதவள்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாடாவோடு ஊறுகாய்ப் போத்தல் ஒன்றையும் கட்டியிருக்கிறாள். ஜாக்கெட்டுக்கும் ஊறுகாய்க்கும் என்ன உறவு என்று கேட்டேன். அதற்கும் முந்தானை.

இப்படிக்கு,
உன் மாமன்


வெள்ளிமலைத் தோட்டம்
15-5-38

அன்புள்ள மாமாவுக்கு, சுகம். உங்கள் முழங்காலுக்கு அவர் யூகலிப்டஸ் தைலம் வாங்கி வைத்திருக்கிறார், அடுத்த தபாலில் வரும்.

போத்தல் உடையாமல் வந்தது. மறுநாள்தான் நாடாவைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி மாமா. கம்பளியோடுதான் அளந்தேன். இந்தத் தடவையும் கம்பளியைக் கழற்ற முடியவில்லை, அவ்வளவு குளிர். புது நாடாவில் முப்பது வருகிறது. முப்பதையே வைத்துத் தையுங்கள். தயவுசெய்து குறைக்க வேண்டாம்.

மாமியார் என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடுவதில்லை. சும்மாவே இருக்கிறேன். அதனால் உடம்பு கொஞ்சம் போட்டிருக்கலாம்.

பாக்கியம்


கொட்டாஞ்சேனை
24-5-38

குடம் தூக்காத மகாராணிக்கு, உன் மாமன் எழுதுவது. சுகம், சுகம். தைலம் வந்தது. பூசிய முழங்கால் என்னைக் கேளாமலே ரெண்டு தரம் புதுக்கடைக் கோர்ட்டு வரை நடந்துவிட்டு வந்தது.

பார்சலைப் பிரித்து மூர்ச்சையாகாதே. கை வீங்கி நிற்கிற இந்தப் பப்கையைக் கண்டால் கறுவாத்தோட்டத்துச் சீமாட்டிகள் தங்கள் ஜாக்கெட்டுகளைக் கடலில் எறிந்துவிடுவார்கள்.

இடுப்பு விஷயத்தில் உன் மாமன் ஏமாறவில்லை. உன் அத்தையின் தலையணையைக் கட்டி, மேலே கம்பளியைச் சுற்றி அளந்தேன். பிறகு கம்பளி இல்லாமல் அளந்தேன். வித்தியாசம் மூன்று அங்குலம். முப்பதில் கம்பளிக்குக் கழித்தால் மிச்சம் இருபத்தேழு. உன் சொந்த இருபத்தைந்துக்கு ரெண்டு அங்குலம் தாராளம்! ராணியம்மாவுக்குக்கூட நான் இவ்வளவு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெட்டுகிற நேரம் பொத்தான் கடை மஜீட் நானா வந்து நின்றார். "எனத்துக்கு அண்ணே வீண் கணக்கு? புள்ள கேட்ட அளவுல தெச்சிக் குடுங்கோ" என்றார். "நானா, நீங்கள் பொத்தானைப் பாருங்கள், பொத்தான் எங்கே உட்கார வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவரும் உன் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தை என் முதுகுக்குப் பின்னால் நின்று, "உள்மடிப்பையாவது நல்லா விடுங்க, இன்னும் விடுங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். விட்டேன். அந்த மடிப்பில் ஒரு கோழி அடைகாக்கலாம்.

உன் மாமன்


வெள்ளிமலைத் தோட்டம்
8-6-38

அன்புள்ள மாமாவுக்கு, எல்லோரும் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே.

ஜாக்கெட் வந்தது. பப்கையைப் பார்த்து நாத்தனார் பொறாமைப்பட்டாள். ஆனால் மாமா, பூட்ட முடியவில்லை. ஊக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், நடுவில் நாலு விரல் வெளி. அவர் பார்த்துவிட்டு, "சாத்த முடியாத கதவுன்னா வாசல்ல கோலத்தப் போட்டுரு" என்கிறார்.

உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று கம்பளியைக் கழற்றிவிட்டு அளந்தேன். முப்பத்தொன்று. கல்யாணத்துக்கு நாள் கிட்டிவிட்டது. என்ன செய்யட்டும்?

பாக்கியம்


கொட்டாஞ்சேனை
14-6-38

பாக்கியத்துக்கு. நான் சுகமில்லை. உன் கடிதம் வந்த நேரத்திலிருந்து சுகமில்லை.

கம்பளியோடு முப்பது. கம்பளியைக் கழற்றினால் முப்பத்தொன்று. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? வெங்காயத்தை உரித்தால் சிறுக்கும், உன்னை உரித்தால் பெருக்கிறாய்! இதை நினைத்தபடி ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரின் காற்சட்டைக்குப் பப்கை வைக்கப் போனேன். அத்தை பிடித்து நிறுத்தினாள்.

முதலில் வேலை. பக்கத்துத் தையல்களைப் பிரி. அந்தக் கோழி மடிப்பு உள்ளே இருக்கிறது. ரெண்டு பக்கமும் விட்டால் நாலு அங்குலம் கிடைக்கும். உன் அத்தையின் பிடிவாதம் உன் மானத்தைக் காத்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மலைக் காத்து ஒடம்ப ஊத வைக்கும்" என்கிறாள். அப்படியானால் அங்கே நிற்கிற தேயிலைச் செடியெல்லாம் ஏன் ஆலமரமாகவில்லை?

நான் கவுன் தைத்துக் கொடுக்கிற வெள்ளவத்தைச் சீமாட்டி புளோறன்ஸ் நோனாவிடமும் கேட்டேன். நாலு மகள்மாரைப் பெற்று வளர்த்தவர். "நோனா, தோளும் கழுத்தும் அப்படியே இருக்க, இடுப்பு மட்டும் பெருக்கிற வியாதி ஏதும் உண்டா?" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "முத்துலிங்கம், உமக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஓ" என்றார். அதற்குப் பிறகு தேத்தண்ணீர் தந்தார், பிஸ்கட் தந்தார், பதில் தரவில்லை. நான் அளவைக் கேட்டால் அவர் பிள்ளையைக் கேட்கிறார்! இந்த ஊரில் ஒருவருக்கும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது.

இந்தக் கடித உறையை நான் அனுப்பிய நாடாவால் அளந்து எழுது. இங்கேயும் இதே மாதிரி உறை இருக்கிறது. நாடா பொய் சொல்கிறதா என்று பார்த்துவிடுவோம். உன் மணிக்கட்டையும் அளந்து அனுப்பு. அதுவும் சரியில்லையென்றால் அடுத்த பதுளை ரயிலில் அத்தையையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.

உன் மாமன்


வெள்ளிமலைத் தோட்டம்
19-6-38

அன்புள்ள மாமாவுக்கு, சுகம்.

உறை ஐந்தரை அங்குலம். மணிக்கட்டு ஐந்தேமுக்கால், கல்யாணத்தில் இருந்ததேதான். மடிப்பைப் பிரித்துவிட்டேன், பூட்டுகிறது.

இப்போது வர வேண்டாம் மாமா. சரியான மழை. பாதையும் சரியில்லை. கல்யாண வீட்டிலும் இடம் இல்லை. பிறகு நானே எழுதுகிறேன்.

பாக்கியம்


கொட்டாஞ்சேனை
22-7-38

அன்புள்ள பாக்கியத்துக்கு. இங்கே அத்தை சுகம்.

நீ வர வேண்டாம் என்று எழுதி ஒரு மாசமாகிறது. பிறகு எழுதுகிறேன் என்றாய். தபால்காரனைக் கண்டால் இப்போது நான் எழும்புவதில்லை. அவனே பாவப்பட்டு, "இல்ல முதலாளி" என்று தூரத்திலேயே கையை விரிக்கிறான். கல்யாணம் நல்லபடி நடந்ததாக அட்டனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். நல்லது.

இங்கேயும் உறையை அளந்தேன். ஐந்தரை. நாடா பொய் சொல்லவில்லை. அப்படியானால் உன் இடுப்பு உண்மையிலேயே முப்பத்தொன்று. கையும் கழுத்தும் பழையபடி, வயிறு மட்டும் பெருப்பு. குடம் தூக்க விடுவதில்லை என்றாய். சாப்பாடு பிடிக்கவில்லை போலும், நாடாவை விட்டு ஊறுகாயைத்தான் முதலில் எடுத்தாய். நான் முட்டாள்தான், ஆனாலும் இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இந்தக் கடைக்கு எனக்கு முன் முதலாளியாக இருந்தவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. மகோதரம். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். காற்சட்டையை விட்டு விட்டுத் தைத்துக் கொடுத்தேன், கடைசியில் விடுவதற்குத் துணி இருக்கவில்லை.

நான் பயப்படுவேன் என்றுதான் மறைக்கிறாய். இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வா அம்மா. அம்மன் கோயிலில் நேர்ந்து வைத்திருக்கிறேன். அத்தையிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது.

ஒரு வரி எழுது.

மாமா


வெள்ளிமலைத் தோட்டம்
10-8-38

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்கு மகோதரம் இல்லை. ஏழாம் மாசம்.

அத்தையைக் கோபிக்க வேண்டாம். சொல்ல வேண்டாம் என்று கேட்டது நான்தான். மஜீட் நானா வீட்டுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

முதல் தடவை நீங்கள் எழுதிய கவர்னர் மாளிகைக் கடிதத்தை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளை போன பிறகும் அந்தக் குதிரை மட்டும் என் கண்ணுக்குள் வாசலில் நின்றுகொண்டே இருந்தது. மாமியார் உங்கள் நாக்கைக் குறை சொல்கிறார். நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தடவை யாராவது ஆசையாக ஒரு வார்த்தை சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்கிறேன். அவரிடமும் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆவணி பிறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முதல் வளையல் தாய்மாமன் கையால்தான் ஏற வேண்டும். வாருங்கள் மாமா. வந்து, ஒன்றும் சொல்லாமல் போட்டுவிடுங்கள்.

பாக்கியம்


கொட்டாஞ்சேனை
13-8-38

பாக்கியத்துக்கு.

கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு அளவு என்னிடம் இருக்கிறது.

வருகிறோம்.

மாமா


வெள்ளிமலைத் தோட்டம்
30-10-38

அன்புள்ள மாமாவுக்கு, பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து பாக்கியம் எழுதுவது. பெண். இருவரும் சுகம். பிரசவத்துக்கு வந்து நின்ற அத்தை வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறார். அவர் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வளைகாப்பன்று நீங்கள் வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததை இங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை, காலையிலிருந்து ரயில் ஏறும் வரை ஒரு சொல் இல்லை. என் மாமியாரே பொறுக்க முடியாமல், "அந்த மனுஷன் ஊமையா போயிட்டாரா? பாவமா இருக்கு" என்றார். வளையல் அளவாக ஏறிற்று. நீங்கள் மடியில் வைத்துவிட்டுப் போன ஜாக்கெட்டைத்தான் கடைசி நாள் வரை போட்டேன். ஊக்கு இல்லாமல் பக்கத்தில் நாடா கட்டி, வேண்டியபடி இளக்கிக்கொள்கிற ஜாக்கெட்டை நான் எங்கேயும் கண்டதில்லை.

பிள்ளையை மாமியார் தவிட்டில் புரட்டி எடுத்து, "குப்பு" என்று கூப்பிடுகிறார். குப்பை என்றால் யாரும் ஆசைப்பட்டுக் கண் வைக்க மாட்டார்களாம். நல்ல பெயர் பிறகு வைக்கலாமாம்.

மாமா, உங்கள் மூன்று வரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அப்படி இன்னொன்று வந்தால் என்னால் தாங்க முடியாது. பழைய மாதிரி எழுதுங்கள்.

பாக்கியம்


கொட்டாஞ்சேனை
6-11-38

குப்புவைப் பெற்ற குப்பைமேட்டு மகாராணிக்கு, வாய்ப்பூட்டுக் கழன்ற தாய்மாமன் முத்துலிங்கம் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். விழுங்காமல் வைத்திருந்த வெற்றிலை ராகமையில் ரயில் நின்றபோதுதான் வெளியே வந்தது. அந்த இடத்தில் இனிப் புல் முளைக்காது.

உன் மகளை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சத்தியம் செய்கிறேன். சிவனொளிபாத மலையிலிருந்து காலிமுகத்திடல் வரை இவளைப் போல ஒரு அவலட்சணம் பிறந்ததில்லை. மூக்கு, மிதித்த வற்றாளங்கிழங்கு. கண் ரெண்டும் மஜீட் நானா கடையில் விலைபோகாமல் கிடக்கிற பொத்தான், அதுவும் ஜோடி சேராதவை. தலையில் மயிர் இருந்தால் அது வாசல் கூட்டுகிற தும்புத்தடி. இவள் அழுதால் களனி கங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடும். கவர்னர் மாளிகை வாசலில் இவள் குதிரை கட்ட மாட்டாள். குதிரையை விடு, ஒரு கழுதைகூட இவளைத் திரும்பிப் பார்க்காது. உன் மாமியாருக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு.

மஜீட் நானா வந்து, "புள்ள எப்பிடி அண்ணே?" என்றார். "கண்கொண்டு பார்க்க முடியாது நானா" என்றேன். அவர் சிரித்தார். "கண் படாம இரிக்க நாங்க மாஷா அல்லாஹ் எண்டு செல்லுவம். ஒங்கட முறையில ஏச்சு கொஞ்சம் கூட" என்றார். நானும் மாஷா அல்லாஹ் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும்.

அத்தை வந்ததும் கேட்டேன், "எப்படி இருக்கிறாள்?" "அது கெடக்கு, சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த முறை எனக்கு விளங்கியது. பின்னாலேயே போய் நானும் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். புகை அதிகம், கண் எரிந்தது.

இத்துடன் வருவது என் பழைய வேட்டி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பது உனக்கும் தெரியும். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போனது. கத்தரிக்கோல் வைக்கவில்லை, கையாலேயே கிழித்தேன். ஊசியும் படவில்லை. என் கடையிலிருந்து தையல் இல்லாமல் வெளியே போகிற முதல் உருப்படி இதுதான். வெளியே சொல்லிவிடாதே, மானம் போகும்.

கைக்குழந்தையை அளக்கக் கூடாது என்பார்கள். அதனால் அளவு கேட்கவில்லை. நாடாவைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். முதல் பாவாடைக்கு நேரம் வரும்போது நீயாக எழுது. நீ எந்த அளவைச் சொன்னாலும் அதுதான் அளவு. கம்பளிக்குக் கழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அந்த அவலட்சணத்தின் தாத்தா
முத்துலிங்கம்